பெங்களூர் மழை: ஒரு பங்கு காவிரிக்கு, மறுபங்கு தென்பெண்ணைக்கு. அந்த மேட்டுக்கோடு எங்கே இருக்கிறது?

கேள்வி: கல்கெரெ_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் பெய்யும் மழையில் ஒரு பங்கு காவிரிக்கும் மறுபங்கு தென்பெண்ணைக்கும் போகிறது என்று பல இடத்தில் படிக்கிறேன். நதியே இல்லாத ஊரில் இது எப்படி நடக்கிறது? நாங்கள் ராமமூர்த்தி நகர் பக்கம் இருக்கிறோம், எங்கள் தண்ணீர் எந்தப் பக்கம்? இங்கே சோழர் காலத்திலேயே ஏரிகள் இருந்தன, தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்கிறார்களே, அதில் எது உறுதி?

கடைசியாகக் கொஞ்சம் சுயநலம். வர்த்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் 30×40 அடி சைட் பார்க்கிறோம். பழைய ஏரியிலோ ராஜகாலுவேயிலோ (ஏரிகளை இணைக்கும் பெரிய மழைநீர் வாய்க்கால்) மாட்டாமல் வாங்க என்னென்ன பார்க்க வேண்டும்? "வக்கீலைப் பாருங்கள்" என்பதைத் தாண்டி யாராவது சொன்னால் நல்லது.

பதில்: மேட்டுநிலம்

நதி இல்லாததற்கும் தண்ணீர் இரண்டாகப் பிரிவதற்கும் காரணம் ஒன்றுதான். ஊர் உட்கார்ந்திருப்பது ஒரு மேட்டின் முதுகில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காக, வீட்டுக் கூரையின் முகடு மாதிரி அது ஓடுகிறது. வடக்கே தொட்டபெட்டஹள்ளி பக்கம் சுமார் 962 மீட்டர், ஊரிலேயே உயரமான இடம். முகட்டின் மேல் ஆறு ஓடாது, அங்கிருந்து கிளம்பத்தான் செய்யும்.

கர்நாடகத்தைக் கரையோரம், மலெநாடு, பயலுசீமெ என்று மூன்றாகப் பிரிப்பார்கள். பெங்களூர் தெற்குப் பயலுசீமெயில் வருகிறது. மேற்கு மலைத்தொடரின் பெருமழை இங்கே எட்டாது. ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, தென்மேற்கும் வடகிழக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. கீழே நைஸ் என்ற பழைய உருமாறிய பாறை. லால்பாக் குன்றில் வெளியே தெரிவது அதுதான், வயது 300 கோடி ஆண்டு. இந்தப் பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளிலும் மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் மட்டுமே. அதனால்தான் ஒரே தெருவில் ஒரு போர்வெல் கொட்டும், நாலு வீடு தள்ளி இன்னொன்று வறண்டு கிடக்கும்.

இன்னும் வடக்கே போனால் நந்தி மலை, 1,478 மீட்டர். அர்க்காவதி, வடபெண்ணை, தென்பெண்ணை எல்லாம் அந்தச் சுற்று வட்டாரத்துக் குன்றுகளில்தான் பிறக்கின்றன. கிளம்பும் இடங்கள் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் வடபெண்ணை ஆந்திரா போய் நெல்லூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது, தென்பெண்ணை கடலூர் வருகிறது, அர்க்காவதி காவிரியில் விழுகிறது.

ஊருக்குள் மூன்று பள்ளத்தாக்கு. மேற்கே விருஷபாவதி. மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், சாமராஜபேட்டையின் மேற்குச் சரிவு, கெங்கேரி எல்லாம் இதில் வரும். இது பிடதி அருகே பைரமங்களா நீர்த்தேக்கத்தைக் கடந்து அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியைத் தொடுகிறது. மேகேதாட்டு அங்கிருந்து கிட்டத்தில்தான்.

கிழக்கே இரண்டு: ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கு. இரண்டும் கடைசியில் தட்சிண பினாகினி, அதாவது நம் தென்பெண்ணைக்கே போகின்றன. ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர் என்று அது போகும் வழி தெரிந்ததுதான். கெலவரப்பள்ளியில் நுரை பொங்குகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் அது எங்கே கிளம்பியது என்று தேட வேண்டியதில்லை.

நீங்கள் ராமமூர்த்தி நகர் என்றால் ஹெப்பாள் பள்ளத்தாக்கு. உங்கள் தெருத் தண்ணீர் கல்கெரெ, ராம்புரா வழியாக எலெமல்லப்ப ஷெட்டி ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணை.

வேறு இடங்களுக்கு நீங்களே பார்க்கலாம். இந்திய நில அளவைத் துறையின் 57 ஜி/12, 57 எச்/9 தாள்கள் ஊரின் பெரும்பகுதிக்குப் போதும். 1:50,000 அளவு, சமஉயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று. பள்ளத்தாக்கு எது என்று தெரிந்துகொள்ள இது போதும். சைட் மூழ்குமா என்பதற்குப் போதவே போதாது, அங்கே இரண்டு அடிதான் விஷயம்.

பதில்: மாகடி_ரோடு

ஒரு சந்தேகம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டும் விருஷபாவதிப் பக்கம்தானே? கெம்பாம்புதி ஏரிக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

பதில்: மேட்டுநிலம்

இல்லை. கெம்பாம்புதி மேற்குச் சரிவு, மெஜஸ்டிக் கிழக்குச் சரிவு. பஸ் ஸ்டாண்ட் இருப்பது தர்மாம்புதி ஏரியின் இடம். அங்கே தொடங்கும் கே-100 ராஜகாலுவே கே.ஆர். மார்க்கெட், சாந்திநகர், கோரமங்களா என்று போய்ப் பெல்லந்தூரில் விழுகிறது. இரண்டு ஏரிக்கும் நடுவே முகடு இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியாது, சைக்கிளில் போனால் முழங்காலுக்குத் தெரியும்.

பதில்: தூம்பும்_கோடியும்

கல்வெட்டுக் கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை.

மடிவாளா சோமேசுவரர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பழையது 1247ஆம் ஆண்டு. வேப்பூர், அதாவது இன்றைய பேகூரைச் சேர்ந்த ஒருவர் தந்த நிலக்கொடை. அதே கோயிலில் ஒய்சள மன்னன் மூன்றாம் பல்லாளன் காலத்து இன்னொரு கல்வெட்டு, வெங்காலூர்ப் (பெங்களூர்) பெரிய ஏரிக்குக் கீழ் தாமரைக்கிரையில் இருந்த நிலத்தைச் சொல்கிறது. தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. 1004 வாக்கில் கங்கர் ஆண்ட தென் கர்நாடகப் பகுதியான கங்கவாடி சோழர் கைக்குப் போன பிறகு, கோலாரிலிருந்து பெங்களூரின் கிழக்குப் பகுதி வரை தமிழில் கல் நடுவது வழக்கமானது. 1116இல் ஒய்சள விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்து சோழரை வெளியேற்றிய பின்னும் இந்தப் பக்கத்தில் அது நிற்கவில்லை. மேலே சொன்ன இரண்டு மடிவாளாக் கல்வெட்டுகளும் ஒய்சளர் காலத்தவைதான்.

அதற்கு முன்பே கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் 890 வாக்கிலான கல்லில்தான் "பெங்களூரு" என்ற பெயர் வருகிறது, ஒரு சண்டையைப் பற்றிய குறிப்பாக. அகரம் பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு வைத்ததையும் புதிதாக ஒரு ஏரி கட்டியதையும் பதிவு செய்கிறது. ஆக, ஏரி வெட்டும் வேலை சோழர் வருமுன்பே இங்கே நடந்துகொண்டிருந்தது. இந்தக் கற்களை வைத்து ஊர் யாருடையது என்று வாட்ஸ்ஆப்பில் மல்லுக்கட்டுகிறவர்கள் அவற்றைப் படிப்பதில்லை. கற்கள் சொல்வது எந்த ஏரிக்குக் கீழ் எந்த வயல் என்பதை. இந்த இழைக்கு வேண்டியதும் அதுதான். பி. எல். ரைஸ் 1905இல் தொகுத்த பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் பெரும்பாலானவை உண்டு.

ஏரியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இன்றைய வெள்ளமும் புரியும். பள்ளத்தின் குறுக்கே மண்கரை. கரையில் தூம்பு, பாசனத்துக்குத் திறப்பது. கரையின் ஒரு ஓரத்தில், கரை உச்சிக்குக் கீழான மட்டத்தில், கல் பாவிய கோடி. ஏரி நிறைந்தால் உபரி கோடி வழியே விழுந்து, காலுவேயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். தூம்பைத் திறந்து மூடி வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட நீர்கண்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார். கோடைக்குள் பாசனமும் வெயிலுமாக ஏரி பாதிக்கு மேல் காலி. அப்போது தூர் வாரி வண்டல் எடுத்து வயலில் கொட்டுவார்கள். முதல் மழைக்கு ஏரியின் வயிறு திறந்திருக்கும்.

1537இல் கெம்பேகவுடர் கோட்டை கட்டியபோது இந்த முறையைத்தான் ஊருக்குள் கொண்டுவந்தார். அவர் வழியினர் எழுப்பியதாகச் சொல்லப்படும் நான்கு கோபுரங்களில் இரண்டு ஏரிக்கரையில் நிற்கின்றன, அல்சூரிலும் கெம்பாம்புதியிலும். மற்றவை லால்பாக் பாறை, மேக்ரி சர்க்கிள். 1809இல் கண்டோன்மென்ட் (பிரிட்டிஷ் படைக் குடியிருப்பு) வந்ததும் அல்சூர்ப் பக்கம் தண்ணீர்த் தேவை ஏறியது. 1882இல் சாங்கி ஏரி. 1890களில் அர்க்காவதியின் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர், 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை, 1974இல் காவிரி.

குழாய் வர வர உள்ளூர் ஏரி வேண்டாததாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. சூளே ஏரி கால்பந்து மைதானம். கோரமங்களா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுக்குக் குடியிருப்பு எழுந்தது. செல்லகட்டாவில் கோல்ஃப். இவற்றில் பலவற்றைச் செய்தது அரசே, எதுவும் இரவோடு இரவாக நடந்த ஆக்கிரமிப்பு இல்லை. 1980களில் லட்சுமண் ராவ் குழு, இருப்பவற்றையாவது காப்பாற்றுங்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டிய நிலைமை வந்தது.

மிஞ்சிய ஏரிகளுக்கு நேர்ந்தது வேறு வகை. பாசனம் நின்றது, தூம்பு மூடிக்கிடக்கிறது. வருஷம் முழுக்கக் கழிவுநீர் வருவதால் ஏரி எப்போதும் கோடி மட்டத்திலேயே நிற்கிறது. மே மாதத்திலும் நிறை ஏரி. பார்க்க அழகுதான், ஆனால் அடுத்த மழைக்கு இடமில்லை. விழுந்தது விழுந்தபடி கோடி தாண்டுகிறது. 2022 செப்டம்பரில் 4ஆம் தேதி இரவு ஊரில் 131.6 மில்லிமீட்டர் கொட்டியபோது பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் ரோடு மிதந்ததற்குக் குறுகிய காலுவே ஒரு காரணம் என்றால், காலி இல்லாத ஏரி இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பதில்: டிஎம்சி_கணக்கு

மேலே சொன்ன முகட்டுக்குக் காவிரி வழக்கில் ஒரு பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பலருக்கு இது தெரியாது.

2007 இறுதித் தீர்ப்பில் நடுவர் மன்றம் பெங்களூரின் குடிநீர்த் தேவையை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது, மீதி தென்பெண்ணைப் படுகை என்பது ஒரு காரணம். தேவையில் பாதியை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. ஊர் படுகைக்கு வெளியே இருந்தாலும் குடிநீருக்கு முன்னுரிமை என்று பெங்களூருக்காக 4.75 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கூட்டியது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் வைத்து இன்னொரு 10 டிஎம்சி. ஆக மொத்தம் 14.75 கர்நாடகத்துக்குக் கூடி, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 192இலிருந்து 177.25 ஆனது.

"4.75 டிஎம்சியில் ஒரு மாநகரமா?" என்று கேட்கத் தோன்றும். கணக்கு இப்படி. இப்போது காவிரியிலிருந்து பெங்களூருக்கு நாளொன்றுக்கு 1,450 மில்லியன் லிட்டரும், 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டத்தால் இன்னொரு 775 மில்லியன் லிட்டரும் கொண்டுவர ஏற்பாடு இருக்கிறது. கூட்டினால் 2,225. ஒரு டிஎம்சி 28,317 மில்லியன் லிட்டர். முழு அளவில் ஓடினால் ஆண்டுக்கு 28 டிஎம்சிக்கு மேல். ஆனால் வழக்கில் எண்ணுவது எடுக்கும் அளவை அல்ல, செலவாகும் அளவை. நகரக் குடிநீரில் 20 சதவீதம் செலவு, மீதி கழிவுநீராகத் திரும்பி வரும் என்பது அங்கே வைத்த விகிதம்.

இடிப்பது இங்கேதான். திரும்பி வருகிறது சரி, எங்கே? தொரெகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் ஏற்றி வந்த காவிரித் தண்ணீர், முகட்டுக்குக் கிழக்கே இருக்கிற வீட்டில் குளித்து முடித்ததும் தென்பெண்ணைக்குப் போகிறது. மேற்கே ராஜாஜிநகரில் குளித்தால்தான் திரும்பக் காவிரிக்கு. நகரம் வேகமாக வளர்வதோ கிழக்கே.

அந்தக் கிழக்குக் கழிவுநீரிலும் ஒரு பங்கு இப்போது கடலூர் வராது. கோரமங்களா–செல்லகட்டா திட்டத்தில் நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குப் பம்ப் செய்யத் திட்டமிட்டு, 2018இல் லட்சுமிசாகர ஏரியில் முதலில் விட்டார்கள். ஹெப்பாள்–நாகவாரா திட்டம் 210 மில்லியன் லிட்டர், சிக்கபள்ளாபூர்ப் பக்கம். இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புதான், ஏரியில் நிறுத்தி நிலத்தடியில் இறங்கவிடுவதற்கு மட்டும். கோலார்க்காரர்கள் மூன்றாம் நிலை வேண்டும் என்று போராடுவதில் நியாயம் இருக்கிறது.

பதில்: ப_கராபு

சைட் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் எழுதுகிறேன். வேலையின் வரிசை முக்கியம்: முதலில் செலவில்லாதவை, கடைசியில்தான் அட்வான்ஸ்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது சர்வே நம்பர், ஹிஸ்ஸா (உட்பிரிவு) நம்பரோடு. லேஅவுட் சைட் நம்பர் மட்டும் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். சர்வே நம்பர் கிடைத்ததும் கர்நாடக அரசின் பூமி தளத்தில் பஹணி (நிலப் பதிவேட்டு நகல்) எடுங்கள். எல்லோரும் உரிமையாளர் பெயரைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் 3ஆம் பத்தியைப் பாருங்கள். மொத்தப் பரப்பு, அதற்குக் கீழே அ கராபு, ப கராபு. அ கராபு என்றால் பயிர் செய்ய உதவாத பாறை போன்றது, பட்டாவோடு ஒட்டியது. ப கராபு பொதுச்சொத்து: வண்டிப்பாதை, ஹள்ளா (ஓடை), காலுவே (வாய்க்கால்), குட்டை, சுடுகாடு.

ஒரு உதாரணம். மொத்தம் 3 ஏக்கர் 20 குண்டெ, அதில் ப கராபு 6 குண்டெ என்று வைத்துக்கொள்வோம். குண்டெ 1,089 சதுர அடி. 6 குண்டெ 6,534 சதுர அடி, ஐந்து 30×40 சைட்டுக்கும் மேல். லேஅவுட் போட்டவர் 3 ஏக்கர் 20 குண்டெயையும் பிரித்து விற்றிருந்தால், அந்த ஐந்து பேர் யார் என்பதே கேள்வி. டிசி கன்வர்ஷன் (விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றும் மாவட்ட ஆட்சியர் உத்தரவு) ஆனாலும் ப கராபு பட்டா ஆகாது. வில்லங்கச் சான்றிலும் அது வராது, அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் தெரியும்.

அடுத்து கிராம நக்ஷா, அதாவது கிராம வரைபடம். அதில் காலுவே இரட்டைக் கோடாகவோ ஒற்றைக் கோடாகவோ போகும், ஏரிக்குத் தனி சர்வே நம்பர் இருக்கும். பழைய கிராம வரைபடம் பெரும்பாலும் 1:7,920 அளவு. தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 8 மீட்டர் கிட்ட. பேனாக் கோட்டின் தடிப்பே உங்கள் சைட்டின் அகலத்துக்கு வந்துவிடும். அதனால் "இந்தச் சர்வே நம்பரில் காலுவே உண்டா" என்பதற்கு நக்ஷா போதும், "என் சைட்டிலிருந்து எத்தனை அடி" என்பதற்கு உதவாது.

பிறகு நில அளவைத் துறையின் திஷாங்க் ஆப். இடத்தில் நின்றால் எந்தச் சர்வே நம்பரில் நிற்கிறீர்கள் என்று காட்டும். போனின் ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை தள்ளிப் போகும், கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். நடுவில் ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று புள்ளி நிலைத்த பிறகு பாருங்கள், நாலு மூலையிலும் திரும்பப் பாருங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி ஓட்டுங்கள், 2000களின் தொடக்கம் வரை போகும். கோடைப் படத்தில் எல்லாம் காய்ந்திருக்கும்போது ஒரு பட்டை மட்டும் பச்சையாக வளைந்து போனால் அது காலுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான படத்தில் அதே பட்டை கருப்பாகப் பளபளக்கும். அதில் காட்டும் உயர எண்ணை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் உயரத்தில் சில மீட்டர் பிழை சர்வசாதாரணம், மரத்தையும் மாடியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும்.

இனி இடைவெளி விதி. 2015 மாஸ்டர் பிளானில் ஏரி எல்லையிலிருந்து 30 மீட்டர், ராஜகாலுவே முதல்நிலை 50, இரண்டாம்நிலை 25, மூன்றாம்நிலை 15 மீட்டர். காலுவே அளவுகள் நடுக்கோட்டிலிருந்து. 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர், காலுவேக்கு 50, 35, 25 என்று விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது. 2019 மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகும் விதியைத் திருத்தும் வேலை ஓயவில்லை, ஆகவே பத்திரம் போடும் மாதத்தில் நடப்பு விதியை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம்நிலைக் காலுவே என்றால் சின்ன சாக்கடைதானே என்று விடாதீர்கள். 15 மீட்டர் என்பது 49 அடி. 30×40 சைட் முழுசாக அதற்குள் உட்கார்ந்துவிடும்.

பேப்பர் வேலை இவ்வளவு. தரையில் பார்க்க வேண்டியது வேறு. செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். பக்கத்து காம்பவுண்ட் சுவரில் கிடைமட்டமாக ஓடும் சேற்றுக் கோட்டைப் பாருங்கள். பழைய வீடுகளின் வாசல்படி புதிதாக உயர்த்தப்பட்டிருக்கிறதா, கேட்டில் இரும்புப் பலகை சொருகப் பள்ளம் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தெருக்கோடியில் காலுவே பாலத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தால் பாதி கதை தெரியும். அகலமாக வரும் காலுவே இரண்டு குழாய்க்குள் நுழைகிறதா, நேராக வந்தது லேஅவுட் சுவரை ஒட்டித் திடீரென்று செங்கோணமாகத் திரும்புகிறதா, குறுக்கே குடிநீர்க் குழாய் போய் அதில் பிளாஸ்டிக் சிக்கிக் கிடக்கிறதா. செங்கோணத் திருப்பம் இருந்தால் அதன் மேற்புறம் இருக்கும் சைட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர் அங்கே வேகம் இழந்து மண்ணை இறக்கும், காலுவேயின் ஆழம் வருஷா வருஷம் குறையும்.

கடைசியாகக் குழி. உரிமையாளர் அனுமதியோடு 6 அடி ஆழத்துக்கு ஒன்று வெட்டுங்கள். இந்த ஊரின் இயல்பான மண் மேலே செம்மண், கீழே மொரம் (சரளை கலந்த கெட்டி மண்). அப்படி வந்தால் நிம்மதி. செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் வந்து, அதற்குக் கீழே ஒட்டும் கருஞ்சாம்பல் களிமண்ணும் நத்தை ஓடும் வந்தால் அது ஏரி வண்டல், மேலே இடிபாடு கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அதில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் களிமண் நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கி, சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு விடும்.

கேள்வியாளர்: கல்கெரெ_ரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ப_கராபு சார், ஒன்று மட்டும். வர்த்தூர்ப் பக்கம் பார்த்த ஒரு சைட்டை ஆப்பில் போட்டேன். காலுவேக் கோடு சைட்டின் கிழக்கு விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. நேரில் அங்கே காலுவேயே இல்லை, 20 அடி ரோடுதான். விற்பவர் "இ-காத்தா வந்துவிட்டது, பேங்க் லோனும் கிடைக்கும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ப_கராபு

காலுவே இல்லை என்பது நல்ல அறிகுறி அல்ல, கெட்ட அறிகுறி. ஆவணத்தில் இருப்பது தரையில் இல்லையென்றால் யாரோ மூடியிருக்கிறார்கள். ரோடு போட்டிருப்பது அதன் மேல்தானா என்று பாருங்கள். இ-காத்தா சொத்துவரிக் கணக்குக்கானது, இடைவெளி விதிக்குச் சான்று இல்லை. பேங்க் தன் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்றுதான் பார்க்கும், இடிக்க வரும் நாளில் உங்கள் பக்கம் நிற்காது.

விற்பவரை வைத்து, நில அளவைத் துறையின் மோஜிணி வழியாக ஹத்துபஸ்துக்கு (எல்லை அளந்து காட்டுதல்) மனு போடச் சொல்லுங்கள். அரசு நில அளவையாளர் வந்து சர்வே நம்பரின் எல்லைக்கல்லிலிருந்து அளந்து வரைபடம் தருவார். அளக்கும் நாளில் கூட இருங்கள். காலுவேயின் நடுக்கோட்டை வரைபடத்தில் போடச் சொல்லி, அங்கிருந்து உங்கள் சைட்டின் நாலு மூலைக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து சர்வே நம்பர்க்காரருக்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அவர் ஆட்சேபிப்பார். மனு போட விற்பவர் தயங்கினால் வேறு சைட் பாருங்கள்.

பதில்: மேட்டுநிலம்

ப_கராபு சொன்னதோடு மட்டம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்த்தூர், கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கீழ்முனை. மெஜஸ்டிக்கிலிருந்து வருவது எல்லாம் பெல்லந்தூர் தாண்டி உங்களிடம்தான் வரும், உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாத நாளிலும். மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியோடு ஒரு ஆளைப் பிடித்து ஏரிக் கோடியின் மேல்மட்டம், பக்கத்து ராஜகாலுவேயின் கரை, உங்கள் ரோடு, சைட் நடு என்று நாலு இடத்தில் மட்டம் எடுங்கள், அரை நாள் வேலை. சைட் நடு கோடி மட்டத்தை விடத் தாழ்வாக இருந்தால் எவ்வளவு மண் கொட்டினாலும் பயனில்லை, ரோடு மூழ்கியபடியே இருக்கும். கோடியின் மேல் பிற்பாடு கான்கிரீட் சுவர் ஏற்றியிருந்தால் பழைய கல்லின் மட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சுவரின் உச்சியை எடுங்கள். ஏரி இப்போது நிறைவது அந்த உயரத்துக்கு.

பதில்: மாகடி_ரோடு

ஓசூரிலிருந்து ஆட்டோ லெவல் ஆள் கூப்பிட்டால் செலவு குறைவு என்று நினைத்து அழைக்காதீர்கள். கோடியும் பெஞ்ச்மார்க்கும் (உயரம் தெரிந்த குறிக்கல்) எங்கே என்று தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும்.